லெனன் பாட்டுக்குப் பெக்கோக்கில் எத்தனை மதிப்பெண்?

ஜான் லெனனின் 'இமேஜின்' பாட்டுக்குப் பத்துக்கு எத்தனை போடலாம் என்று கேட்டுவிட்டால் போதும், ரசிகர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அது மனித குலம் முழுவதற்குமான பிரார்த்தனை. மறு கட்சிக்கு, பெரிய மாளிகையில் வெள்ளைப் பியானோ முன் அமர்ந்த ஒரு பணக்காரர் ஊருக்குச் செய்த உபதேசம். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2004-ல் வெளியிட்ட தலைசிறந்த 500 பாடல்களின் பட்டியலில் அது மூன்றாம் இடத்தில் இருந்தது. 2021-ல் அதே பத்திரிகை பட்டியலைப் புதிதாகப் போட்டபோது 19-ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்த இறக்கம் நியாயமா என்பதே தனி விவாதமாகிவிட்டது.

சண்டை மூட்டும் அதே பாட்டு சண்டையைத் தீர்த்தும் வைத்திருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் மகளிர் கடற்கரைக் கைப்பந்து இறுதி ஆட்டத்தில் பிரேசில் வீராங்கனையும் கனடா வீராங்கனையும் வலைக்கு இருபுறமும் நின்று வாக்குவாதத்தில் இறங்கினார்கள். நடுவர் சொல்லியும் அடங்கவில்லை. ஒலிபெருக்கியில் 'இமேஜின்' ஒலித்தது. அரங்கமே சேர்ந்து பாட, இருவரும் சிரித்துவிட்டார்கள். அதே ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இதே பாட்டு பாடப்பட்டபோது, போலந்து அரசுத் தொலைக்காட்சியின் வர்ணனையாளர் ஒருவர் இது கம்யூனிசக் கனவு என்று சொல்லி, அதற்காகப் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். ஒரே நகரம், ஒரே விளையாட்டுத் திருவிழா, ஒரே பாட்டு.

இதே பாட்டு மலேசியாவிலும் ஒலிக்கிறது. ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டியிருக்கும் சிற்றூர் பெக்கோக். கிழக்கே எண்டாவ்-ரொம்பின் காட்டின் செலாய் வாசல்; மற்றப் பக்கங்களில் செம்பனை, ஆங்காங்கே பால்மரம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை 1909-ல் முடிந்தது. அந்தப் பாதை திறந்துவிட்ட காட்டில் தோட்டங்கள் வந்தன. தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்தார்கள். அவர்களுடைய நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்று தெற்கே சிங்கப்பூருக்கோ வடக்கே கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போய், விடுமுறைக்கு ஊர் திரும்புகிறது. அப்படித் திரும்பிய ஓர் இளைஞர் வீட்டுத் திண்ணையில் கிட்டாரோடு உட்கார்ந்து இந்தப் பாட்டை வாசிக்கிறார். பால் வெட்டி ஓய்ந்த தாத்தா பக்கத்து நாற்காலியில்.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு. என்னய்யா சொல்றான் வெள்ளக்காரன்?"

"நாடு, மதம், சொத்து, இது எதுவும் இல்லாத ஒலகத்தப் பத்திப் பாடுறாரு தாத்தா. அப்ப சண்டையே இருக்காதுங்கிறாரு. இதுக்கு நான் பத்துக்குப் பத்து போடுவேன்."

"நாடு இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு எங்கிட்ட கேளு. பெர்மிட்டு இல்லன்னு எங்கண்ணன் கப்பலேறிப் போனான். நான் சாகுற வரைக்கும் சிவப்பு ஐசிதான் போல."

பேரனின் பத்துக்குப் பத்தோடு தாத்தாவின் இந்தப் பதிலையும் வைத்துத்தான் மலேசியத் தமிழர் 'இமேஜின்' பாட்டை எடைபோட வேண்டியிருக்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் நடக்கும் விவாதங்களில் இந்தக் குரல் சேர்வதில்லை.

மெட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம், அதற்குப் பத்து மதிப்பெண்ணும் உண்டு. இங்கிலாந்தின் அஸ்காட் அருகே, டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் என்ற தன் மாளிகையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1971 மே மாதம் லெனன் இதைப் பதிவு செய்தார். கிளாஸ் வூர்மன் பேஸ் கிட்டார், ஆலன் ஒயிட் டிரம்ஸ். பியானோவில் இரண்டு சுரக்கட்டுகள் மாறி மாறி வரும் எளிய நடை. கிட்டார் பழகத் தொடங்கியவர்கள்கூடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். மூன்றே நிமிடம். குரலில் ஆவேசம் இல்லை. அந்த அடக்கம்தான் உலகம் முழுவதும் இதைக் கொண்டுபோனது. பல நாடுகளில் தேசிய கீதத்துக்கு ஈடாக இந்தப் பாட்டைக் கேட்க முடிகிறது என்று அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒருமுறை சொன்னார். 2025 ஜனவரியில் வாஷிங்டன் தேவாலயத்தில் அவருடைய இறுதிச் சடங்கிலும் இது பாடப்பட்டது. கடவுள் நம்பிக்கையோடு வாழ்ந்த ஒருவரின் பேழைக்கு முன்னால் இந்தப் பாட்டா என்று கத்தோலிக்க ஆயர் ஒருவர் அப்போது கேள்வி எழுப்பினார்.

அந்தக் கேள்வி பெக்கோக்குக்கும் பொருந்தும். 1969 மே 13 அன்று கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, நாடு அவசரகால ஆட்சியின் கீழ் வந்தது. மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஜூன் 1 அன்று, கனடாவின் மாண்ட்ரீல் நகரத்து ஹோட்டல் அறையில் லெனனும் யோகோ ஓனோவும் படுக்கையில் அமர்ந்தபடி 'கிவ் பீஸ் எ சான்ஸ்' பாட்டைப் பதிவு செய்தார்கள். வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்களில் லட்சக்கணக்கானோர் பாடிய பாட்டு அது. கலவரத்திலிருந்து மீண்ட மலேசியா அமைதிக்கு வேறொரு வழியைத் தேடியது. 1970 ஆகஸ்ட் 31 அன்று ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு அறிவிக்கப்பட்டது. ஐந்து நெறிகளில் முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். அதற்கு அடுத்த ஆண்டுதான் மதமே இல்லாத உலகைக் கற்பனை செய்யச் சொன்ன 'இமேஜின்' வெளியானது.

இரண்டில் எது சரி என்று மேடை போட்டு வாதாடலாம். ஆனால் தோட்டத்துத் தமிழருக்குக் கோயில் என்பது தத்துவக் கேள்வியாக இருந்ததே இல்லை. காட்டை அழித்து லயம் போட்டதும் மரத்தடியில் ஒரு கல்லை நட்டார்கள். அது மாரியம்மன் ஆயிற்று, முனியாண்டி ஆயிற்று. கங்காணியும் துரையும் தலையிடாத ஒரே இடம் அது. திருவிழா நாளில்தான் அவர்கள் கூலிகளாக இல்லாமல் ஊராராக இருந்தார்கள். ஜொகூரில் தைப்பூசம் இன்று பொது விடுமுறை. சீனர் தம் கோயிலுக்கும் மலாய்க்காரர் பள்ளிவாசலுக்கும் போவதைப் பார்த்தபடி காவடி தூக்கும் மக்களிடம், மதத்தைக் கைவிட்டால் அமைதி வரும் என்று சொன்னால், தங்களிடம் இருந்த ஒரே துணையையும் கேட்பதாகத்தான் அவர்களுக்குப் படும். மதம் பற்றிய இந்த வரிக்கு நான்குக்கு மேல் போட முடியவில்லை.

நாடு பற்றிய வரிதான் கனமானது.

1957-ல் சுதந்திரம் வந்தபோது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதையே அறியாமல், அறிந்தாலும் தாள்கள் இல்லாமல், தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் ஏராளம். குடிமக்களுக்கு நீல அட்டை. மற்றவர்களுக்குச் சிவப்பு அட்டை. 1968-ல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றது அது. கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக அமலானபோது, பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் வேலை இழந்து தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பல் பல குடும்பங்களை அழைத்து வந்ததும் உண்டு, பிரித்துக் கொண்டுபோனதும் உண்டு. இங்கே பிறந்து, இங்கே பால் வெட்டி, பார்த்தே அறியாத கிராமத்துக்குப் போய் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். இங்கேயே தங்கியவர்களில் சிலர் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சிவப்பு அட்டையோடு இருக்கிறார்கள். வாக்குரிமை இல்லை, கடப்பிதழ் இல்லை. நாடில்லாத நிலை அவர்களுக்குக் கற்பனை அல்ல, சட்டைப் பையில் இருக்கும் அட்டை.

இதோடு நிறுத்தினால் லெனனுக்கு அநீதி செய்ததாகிவிடும். பாட்டு வெளியான அதே 1971-ல் அவர் நியூயார்க்கில் குடியேறினார்; பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. வியட்நாம் போரை எதிர்த்த அவரைப் பார்த்து நிக்சன் அரசுக்கு அச்சம். 1968-ல் லண்டனில் பதிவான ஒரு போதைப்பொருள் வழக்கைக் காரணம் காட்டி, 1972-ல் அவரை வெளியேற்ற நடவடிக்கை தொடங்கியது. 1973 மார்ச்சில், அறுபது நாளில் நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அவரும் யோகோவும் நிருபர்களைக் கூட்டி, நிலமும் எல்லையும் கடப்பிதழும் இல்லாத 'நியூட்டோப்பியா' என்ற கற்பனை நாட்டை அறிவித்தார்கள். நீதிமன்றத்தில் மட்டும் கற்பனை எடுபடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. லியோன் வைல்ட்ஸ் என்ற குடிநுழைவு வழக்கறிஞரை வைத்துப் படி ஏறி இறங்கினார். 1975 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெளியேற்ற உத்தரவை நீக்கியது. 1976 ஜூலை 27 அன்று நிரந்தர வசிப்பு அட்டை, அந்தப் பச்சை அட்டை, அவர் கைக்கு வந்தது. எல்லைகளற்ற உலகைப் பாடியவரும் ஓர் அட்டைக்காக நான்கு ஆண்டுகளுக்கு மேல் போராடியிருக்கிறார். பெக்கோக் தாத்தாவுக்கும் லிவர்பூல்காரருக்கும் நடுவே ரசிகர்கள் கவனிக்காத உறவு இங்கே இருக்கிறது. இதை அறிந்த பிறகு அந்த வரியைக் கேட்டால், வசதியானவரின் உபதேசமாக ஒலிக்காது. வாசலில் நிறுத்திவைக்கப்பட்டவரின் ஏக்கமாகவே ஒலிக்கும். பாட்டு அந்த வழக்குக்கு முன்பே எழுதப்பட்டது என்றாலும், அவருடைய வாழ்க்கை பின்னால் வந்து அதற்குப் பொருள் கொடுத்தது.

யோகோவையும் மறக்கக் கூடாது. பாட்டின் அடிப்படை எண்ணம் அவர் 1964-ல் வெளியிட்ட 'கிரேப்ஃப்ரூட்' நூலிலிருந்து வந்தது என்று லெனனே 1980-ல் வானொலிப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். யோகோவைப் பாடலின் இணை ஆசிரியராகச் சேர்ப்பதாக அறிவிப்பு வந்தது 2017-ல்தான். 1945 மார்ச்சில் டோக்கியோ நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது 12 வயதுச் சிறுமியாக அங்கே பதுங்கு குழியில் இருந்தவர் அவர். அதே போரின் மறுமுனையில் மலாயா இருந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ஜொகூரை ஊடறுத்துச் சென்றது. அதன் பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. போர் முடிந்து மூன்றே ஆண்டில் கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலம். 1948 முதல் 1960 வரை ஜொகூர்த் தோட்டங்களுக்கு முள்வேலியும் ஊரடங்கும். டோக்கியோச் சிறுமியின் பசியும் சயாம் பாதைத் தமிழரின் பசியும் ஒரே போரில் விளைந்தவை. அமைதியைக் கேட்கும் உரிமை அந்தச் சிறுமிக்கு முழுமையாக உண்டு.

சொத்து பற்றிய சரணத்தைத்தான் எதிர்க்கட்சி ரசிகர்கள் அதிகம் தாக்குவார்கள், மாளிகையைச் சுட்டிக்காட்டி. தோட்டத்து அனுபவம் இங்கே எதிர்பாராதபடி லெனன் பக்கம் சாய்கிறது. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை; வேலை போனால் வீடும் போகும். 1950-களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளரிடம் பங்குப் பணம் திரட்டி, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கியது. பால் வெட்டியவர்கள் கூட்டாக ஒரு தோட்டத்துக்கு உடைமையாளர் ஆனார்கள். பகிர்ந்து வாழும் உலகம் பற்றி லெனன் பாடுவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே மலாயாத் தமிழர்கள் அதைப் பத்து வெள்ளித் தவணையில் செய்துகாட்டினார்கள். சொத்தே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை; ஒருவரிடம் குவியாமல் எல்லாருக்கும் சேரட்டும் என்றார்கள். அந்தச் சரணத்துக்கு எட்டு தாராளமாகப் போடலாம்.

நாடு பற்றிய வரிக்கு மதிப்பெண் போடக் கை வரவில்லை; மற்ற மூன்றையும் கூட்டி வகுத்தால் ஏறக்குறைய ஏழு வருகிறது. பேரன் பத்திலிருந்து இறங்க மறுப்பார். தாத்தா மெட்டுக்கு மட்டும் போடுவார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

மதிப்பெண் இருக்கட்டும், தாத்தாவின் சிவப்பு அட்டைக்கு வருவோம். 2018-ல் அன்றைய மலேசிய அரசு, 60 வயதைக் கடந்த, சிவப்பு அட்டை வைத்திருக்கும் இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்போவதாக அறிவித்தபோது, அந்தக் கணக்கில் வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அதில் சேராமல் விடுபட்டவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்துப் பிரசவத்தில் பிறந்து பிறப்புப் பத்திரமே இல்லாதவர்கள், மலாய் மொழி நேர்காணலில் தடுமாறியவர்கள், ஒருமுறை நிராகரிக்கப்பட்டதும் மனம் விட்டுப்போனவர்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பழைய பெட்டியில் கிடக்கும் தாள்களை எல்லாம் திரட்டி, தேசியப் பதிவுத் துறை அலுவலகத்துக்கு அவர்களை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். நேர்காணல் அறை வாசல் வரையாவது கூட நில்லுங்கள். உலகப் புகழ் பெற்ற லெனனுக்கே நான்கு ஆண்டுகள் ஒரு வழக்கறிஞர் துணை தேவைப்பட்டது.