320 என்று நான் எழுதிய பொய்

என் தாய்மாமா கோயில் திருவிழாக்களில் டேப்ரெக்கார்டருடன் உட்கார்ந்து பதிந்த நாகஸ்வரக் கச்சேரிகள் எங்கள் உறவுக்குள் எம்பி3 கோப்புகளாகச் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றின் பெயரிலும் '320' என்று இருக்கும். அதை எழுதியவன் நான். அது பொய்.

கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பை மாமா என்னை நம்பிக் கொடுத்தார். சிடி தரத்தில் வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 எம்பி ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 58 எம்பிக்குள் அடங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. இன்னொன்று வாங்கப் பணம் இருந்தது, மனம் வரவில்லை. 128-க்கு மாற்றிவிட்டு வேவ் கோப்புகளை அழித்தேன். பூஞ்சை பிடித்த கேசட்டுகளை வீட்டில் தூக்கி எறிந்தபோதும் தடுக்கவில்லை. ஒலியில் எதையும் இழக்காமல் கோப்பை ஏறக்குறையப் பாதியாக்கும் ஃப்ளாக் 2001-லேயே வந்துவிட்டது. அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

காதுக்கு எட்டாது என்று தான் கணிக்கும் ஒலிகளைக் கழித்துத்தான் எம்பி3 கோப்பைச் சிறிதாக்குகிறது. வீட்டில் பதிந்த கேசட்டில் எப்போதும் ஓர் இரைச்சல் உண்டு. ஒழுங்கில்லாத அந்த இரைச்சலைச் சுருக்குவது கடினம். இருக்கிற பிட்டுகளை அது தின்றுவிடும். மிச்சத்தில்தான் நாகஸ்வரமும் தவிலும் பிழைக்க வேண்டும். கூடு மாட்டிய விரல் தவிலின் தோலில் விழும் கூர்மை 128-ல் மழுங்கிவிட்டது. அடி விழுவதற்குக் கணநேரம் முன்பே ஒரு சலசலப்பு கேட்கிறது.

மாமா கேட்டுவிட்டு, "தவில் ஏன் மாப்ளே இப்படி அடங்கிக் கிடக்கு?" என்றார்.

"பழைய கேசட் மாமா, அவ்வளவுதான் வரும்" என்றேன்.

தன் பதிவே மட்டம் என்று அவர் நம்பிக்கொண்டார். அதை நினைத்தால் இன்றும் தூக்கம் போகிறது. பிறகு அதே கோப்புகளை 320 கேபிபிஎஸ்-க்கு மாற்றி, பெயரையும் மாற்றி எல்லோருக்கும் கொடுத்தேன். கோப்பு இரண்டரை மடங்கு பெருத்தது. போன ஒலி ஒரு துளியும் திரும்பவில்லை. திரும்பாது என்று தெரிந்துதான் செய்தேன். மாமா போய்ச் சேரும்வரை உண்மையைச் சொல்லவில்லை. அவர் பதிவில் குறை இருக்கவில்லை.

இப்போது எல்லாக் கோப்புகளின் பெயரிலும் 128 என்றே திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

மாமா சில கேசட்டுகளைப் பிரதி எடுத்து, வாசித்த கலைஞர்களுக்கே கொடுத்ததுண்டு. அப்படி ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், பூஞ்சை படிந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து ஃப்ளாக்கில் பதியச் சொல்லுங்கள். கைபேசிக்கு வேண்டிய எம்பி3-ஐ அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பதிந்து முடித்த பிறகும் கேசட்டை வைத்திருங்கள்.