சாம்பல் வெட்டுகிறவர்களுக்கு

ஆந்திராவின் ஜ்வாலாபுரத்துக் குழிகளில் சாம்பல் வெட்டும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், தருமபுரி மாவட்டத்திலிருந்து வணக்கம்.

என் அப்பா கறுப்புக்கல் குவாரியில் துளை போட்டவர். அவர் உடைத்த டோலரைட்டும் நீங்கள் அள்ளும் வெளிறிய பொடியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இரண்டும் நெருப்புக்குழம்புதான். எங்களுடையது 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமியின் வெடிப்புகளில் ஏறி, வெளியே வராமலே இறுகிவிட்டது. உங்களுடையது சுமத்ராவின் டோபா எரிமலையிலிருந்து சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் பறந்து வந்தது.

டோபாவின் குழம்பு சிலிக்கா மிகுந்தது, எங்கள் ஊர் ராகிக்களிபோல் கெட்டி. உள்ளே அடைபட்ட வாயு நுரைத்து வெடித்தபோது சிதறிய குமிழிச் சுவர்கள்தான் இந்தச் சாம்பல். அடுப்புச் சாம்பலுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. இது நுண்ணிய கண்ணாடிச் சில்லு. அந்தக் கூர் இருப்பதால்தான் நீங்கள் வெட்டும் சரக்கு பாத்திரம் தேய்க்கும் பொடிக்குப் போகிறது.

காற்று 2,600 கிலோமீட்டருக்கு மேல் சுமந்து வந்து உங்கள் ஊரில் போட்டது சில சென்டிமீட்டர்தான். குழிச் சுவரிலோ அது இரண்டு மீட்டருக்கு மேல் நிற்கிறது. மிச்சம் மழையின் வேலை. சுற்றுச் சரிவுகளில் விழுந்ததையெல்லாம் கழுவி, ஜுர்ரேரு பள்ளத்தாக்கின் தாழ்வில் சேர்த்துவிட்டது. ஒகேனக்கல்லில் வெள்ளம் வடிந்த பிறகு பாறைக்குழிகளில் மட்டும் மணல் தங்கிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விழுந்த இடம் வேறு, தங்கும் இடம் வேறு.

உங்கள் மண்வெட்டி பட்டுத்தான் அந்த அடுக்கு வெளிச்சத்துக்கு வந்தது. தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிசெட்டரும் கேம்பிரிட்ஜின் மைக்கேல் பெட்ராக்லியாவும் சேர்ந்த குழு, சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கல் கருவிகளைக் கண்டு 2007-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. கருவிகள் பெரிதாக மாறவில்லை, ஆகவே அந்தப் பேரழிவை மனிதர்கள் தாண்டியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தின் மீதான சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயாத சண்டைக்கும் சேர்த்தே உங்களுக்கு நன்றி.

ஒரு வேண்டுகோள், கூலிக்கு வெட்டும் உங்களிடம் அல்ல, குழியை வைத்திருப்பவர்களிடம். ஒரு சுவரையாவது மேலிருந்து கீழ்வரை வெட்டாமல் விட்டுவையுங்கள்.

அன்புடன்,
பென்னாகரத்திலிருந்து ஒரு கல்லுடைப்பவர் மகன்