உள்ளங்காலைப் பார்க்க

என் வேலையின் முதல் கருவி ஒரு பிளாஸ்டிக் பேசின். அதில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் கூடாது. மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்புளித்த பிறகுதான் தெரியவரும். இருபது நிமிடம் ஊறட்டும். பிறகு குதிகாலிலும் விரலடியிலும் காய்த்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்தெடுத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். தோல் குடித்த தண்ணீரை எண்ணெய் வெளியே விடாது. தொழுநோயால் நரம்பு கெட்ட பாதத்தில் வியர்வை சுரக்காது. அதனால் தோல் காய்ந்து வெடிக்கிறது, வெடிப்பு வழியாகக் கிருமி போகிறது. நீரிழிவில் உணர்ச்சி போன காலுக்கும் இதே கதிதான்.

ஜவ்வாது மலையில் இந்த வேலைக்கு ஓய்வே இல்லை. சாமைக் கொல்லைக்கும் புளிய மரத்தடிக்கும் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

கழுவுவதும் தேய்ப்பதும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். பார்க்கப் பழகத்தான் எனக்கு வருடங்கள் ஆயின. நாற்காலியில் இருந்தபடி குனிந்தால் புறங்கால் தெரியும், நகம் தெரியும். புண் தொடங்குகிற இடம் தெரியாது. உள்ளங்காலைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் காலைவிடத் தாழ்வாகத் தரையில் உட்கார்ந்தாக வேண்டும். யோவான் 13ஆம் அதிகாரத்தைச் சின்ன வயதிலிருந்து வாசித்தவள் நான். ஆண்டவர் பந்தியை விட்டு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். அதைத் தாழ்மைக்கான பாடமாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். தரையில் உட்காரத் தொடங்கிய பிறகுதான், அந்த இடத்திலிருந்து மட்டுமே தெரிகிற ஒன்று உண்டு என்று புரிந்தது.

நான் பயிற்சி பெற்றது வேலூரில். ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கியது 1909இல். கொல்லி மலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராக 1946இல் அதே வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் அழுகித் தானாக விழுகின்றன என்றே அன்று எல்லோரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து பார்த்தார். குத்திய முள்ளும் பிடித்த சூடான பாத்திரமும் கடித்த செருப்பும்தான் புண்ணை உண்டாக்கின. வலி இல்லாததால் அவர்கள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வலியைக் கடவுளின் கொடை என்று அவர் கடைசிவரை சொல்லிவந்தார். ஒருமுறை இங்கிலாந்தில் தன் குதிகாலில் ஊசி குத்தியும் வலிக்காமல் போக, தனக்கும் நோய் வந்துவிட்டதென்று இரவெல்லாம் விழித்திருந்தார். விடிந்ததும் மறுபடி குத்திப் பார்த்தார், வலித்தது. அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

இதையெல்லாம் படித்திருந்தும் நான் ஒரு தப்பு செய்தேன்.

மலைக்கு வந்த புதிதில் ஓர் ஆயாவுக்கு, மரத்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு மாட்டிவிட்டேன். அன்று வெளியே கூட்டம். பட்டையை இழுத்துப் போட்டு, "வலிக்குதா ஆயா?" என்று கேட்டேன். "இல்ல கண்ணு" என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். மறுமுறை அவர் வந்தபோது பட்டை பதிந்த இடத்தில் புண் குழிந்திருந்தது. வலி தெரியாத காலிடம் வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்! பட்டைக்கடியில் என் விரலை விட்டுப் பார்த்திருந்தால் இறுக்கம் தெரிந்திருக்கும். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது.

வரங்களைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில், ஒரே சரீரத்தின் அவயவங்கள் என்கிறார்; ஓர் அவயவம் பாடுபட்டால் மற்றவையும் கூடவே பாடுபடும் என்கிறார். வரம் என்றால் பிரசங்கம், பாட்டு, தீர்க்கதரிசனம் என்றே சபைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். என் விரல் நுனியில் இருக்கிற உணர்ச்சி எனக்காக மட்டும் தரப்பட்டதல்ல என்று அந்தப் புண்தான் எனக்குச் சொன்னது. ஆயாவின் காலில் இல்லாததை என் கை அவருக்காக உணர்ந்து சொல்ல வேண்டும்.

அதன் பிறகு கட்டுப் போட உட்கார்ந்தபோதெல்லாம் அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "படிச்ச புள்ள, என் காலைப் புடிக்கலாமா? பாவம் எனக்குத்தான்." ஆண்டவர் கால் கழுவ வந்த இரவில் பேதுருவும் இப்படித்தானே தடுத்தார். அதே பேதுருதான் பிற்பாடு தன் நிருபத்தில், பெற்ற வரத்தைக்கொண்டு ஒருவருக்கொருவர் உதவச் சொல்கிறார், மனத்தாழ்மையை அணிந்துகொள்ளச் சொல்கிறார். அங்கே அவர் போட்ட கிரேக்கச் சொல்லில், வேலைக்காரர்கள் மேல்துணியை முடிந்துகொள்ளும் சாயல் உண்டு என்கிறார்கள். அதை எழுதும்போது அந்த இரவின் துண்டு அவர் நினைவுக்கு வந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஆயாவிடம் நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. "பேத்தி தொட்டா பாவமா?" என்று மட்டும் கேட்டேன். காலை நீட்டினார்.

புண் ஆறிய பிறகு அவருடைய நிஜப் பேத்திக்குப் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பாதத்தையும் ஒப்பிட வேண்டும். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ரணம் தொடங்குகிறது, புண்ணாக வெடிக்குமுன் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஏழாவது படிக்கிற பெண். போன முறை நான் பேசினை எடுத்து வைக்குமுன்பே தரையில் உட்கார்ந்து பாட்டியின் காலை மடியில் எடுத்துக்கொண்டாள். "சுண்டுவிரலுக்குக் கீழ சுடுதுக்கா" என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். முதலில் எனக்குத் தெரியவில்லை. மறுபடி வைத்தேன். சுட்டது.