ஆலத்தூர் நாட்டில் அரை ஏக்கர்: இந்தக் காடு நாளைக்கு யாருக்கு?

"வாந்தி வர்றவங்க முன்னாடியே ஜன்னல் பக்கம் போயிருங்க. எழுபது வளைவு இருக்குது" என்று காரவல்லியில் பஸ் நின்றபோது கண்டக்டர் பொதுவாக எச்சரித்தார். எனக்கு ஜன்னல் சீட் கிடைத்திருந்தது. நாற்பதாவது வளைவு வரை தைரியமும் இருந்தது. அதற்குமேல் நடந்ததை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கொல்லிமலைக்கு வருபவர்கள் வழக்கமாக அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை, எட்டுக்கை அம்மன், மாசிலா அருவி என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நான் போனது வேறு காரணத்துக்காக. ஒருநாள் இரவு போனைத் தள்ளிக்கொண்டே இருந்தபோது ஒரு விளம்பர வீடியோ வந்தது. மேலே டிரோன், கீழே பனிமூட்டம், பின்னணியில் புல்லாங்குழல். "கொல்லிமலையில் உங்கள் கனவுப் பண்ணை வீடு!" என்றது குரல். அந்த டிரோன் காட்டிய சரிவில் ஒரு பாட்டி குனிந்து ஏதோ கொத்திக்கொண்டிருந்தார். கனவு நம்முடையது, சரி. காடு யாருடையது?

ஆலத்தூர் நாட்டுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "பாஸ்போர்ட் வேணுமாடி?" என்றார் அம்மா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுக்கும் 'நாடு' என்றுதான் பெயர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேளூர் நாடு, ஆலத்தூர் நாடு என்று அது நீளும். ஊராட்சி என்ற ஏற்பாடு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பிரிவுகள் இருந்திருக்கின்றன. எந்த ஓடை வரை எந்த நாடு, எந்தப் பாறைக்கு அப்பால் யார் காடு என்று மலையாளிப் பழங்குடி மக்கள் பேசி வைத்துக்கொண்ட எல்லைகள் அவை. மலையாளி என்றால் கேரளம் இல்லை, மலையை ஆள்பவர். 2011 கணக்கெடுப்பில் இந்த ஒன்றியத்தின் மக்கள் தொகை சுமார் 40,000. அதில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பழங்குடியினர்.

செம்மேட்டில் இறங்கி, ஒரு டீயில் வயிற்றைச் சமாதானப்படுத்திவிட்டு, ஆலத்தூர் நாட்டுக்கு வேறு வண்டி பிடித்தேன். மாசி மாதம். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைக் கட்டிப்பிடித்தபடி மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. வீட்டு வாசல்தோறும் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பச்சையும் கறுப்புமாகக் கலந்து கிடக்கும் மிளகின் வாசனை மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது.

அங்கே என்னை ஊர் சுற்றிக் காட்டியவர் ஒரு பாட்டி. வீடியோவில் பார்த்தவர் இல்லை, ஆனால் அவரைப் போலவே கையில் கொத்து. வயது கேட்டால் "ரேசன் கார்டுல எழுபதுன்னு போட்டிருக்குது கண்ணு, நான் எண்ணல" என்றார். அவர் பேரன் நாமக்கல்லில் டிப்ளமோ படித்தவர். நான் போன அன்று வீட்டில்தான் இருந்தார்.

நகரத்தில் நமக்கு நிலம் என்றால் சதுர அடி. பாட்டிக்கு அப்படி இல்லை. வீட்டு வாசலில் நின்றே கையை நீட்டிக் காட்டினார். கீழே பள்ளத்தில் ஓடை ஓரமாக இருப்பது வயல், அங்கே நெல். அதற்கு மேலே, ஏர் பூட்டி உழ முடிகிற அளவுக்குச் சரிவு உள்ளது உழவுக்காடு. அதற்கும் மேலே மாடு நிற்க முடியாத செங்குத்தான இடம் கொத்துக்காடு, அங்கே கொத்தால் மட்டும்தான் வேலை. உச்சியில் மரம். "அதுல ஏன் கைய வைக்கிறதில்லைன்னா, அந்த மரம் போச்சுன்னா இந்த ஓடை சித்திரையில நின்னுபோகும்" என்றார் சாதாரணமாக. நகரமைப்புப் படிப்பில் 'நிலப் பயன்பாட்டு வரைபடம்' என்று வண்ணம் தீட்டிக் காட்டுவார்களே, அது பாட்டியின் விரல் நுனியில் இருந்தது.

அரசாங்கம் இந்த மலைக்குப் போட்ட கோடுகள் வேறு கதை. 1882-ல் வந்த சென்னை வனச் சட்டம், 'இதுவரை காப்புக்காடு, இதற்கு இப்பால் உன் காடு' என்று பிரித்தது. காட்டை மாற்றி மாற்றிப் பயிர் செய்த பழக்கம் அதோடு சுருங்கியது. பிறகு பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மால்கோ நிறுவனம் இந்த மலையில் பல ஆண்டுகள் வெட்டியெடுத்தது. சூழல் அனுமதி தொடர்பான எதிர்ப்புகளும் வழக்கும் வந்து, 2008-ல் அது நின்றது. ஒரு தலைமுறை லாரிச் சத்தத்தோடு வளர்ந்திருக்கிறது.

இப்போது நடப்பில் இருப்பது 1990-ல் தமிழக அரசு அமைத்த மலைப்பகுதி பாதுகாப்பு ஏற்பாடு. 'ஹாக்கா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்று பட்டியலிடப்பட்ட மலைக் கிராமங்களில் கொல்லிமலையும் உண்டு. இந்தக் கிராமங்களில் மனைப்பிரிவு போடவும் பெரிய கட்டடம் எழுப்பவும் நகர் ஊரமைப்புத் துறையின் வழக்கமான அனுமதி மட்டும் போதாது. வனம், வேளாண் பொறியியல், கனிமம் ஆகிய துறைகளின் கருத்தும் வேண்டும். காப்புக்காட்டுக்கு எவ்வளவு பக்கம், சரிவு எவ்வளவு, மண் தாங்குமா, நீரோடை மறிபடுமா என்று பார்க்க வேண்டும். காகிதத்தில் இது நல்ல பூட்டு.

ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. விண்ணப்பிப்பவர் ஒருவர், அனுமதிப்பவர் ஒருவர். நடுவில் ஓடையின் கீழ்ப்பக்கம் நெல் போட்டிருக்கும் பாட்டிக்கு நாற்காலி இல்லை.

அமெரிக்காவில் 'கவுன்ட்டி' என்று ஓர் உள்ளாட்சி அலகு உண்டு. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பல கவுன்ட்டிகளில் திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது. விவசாய நிலத்தைக் குடியிருப்பாகவோ கடைவீதியாகவோ மாற்ற யாராவது கேட்டால், அந்தக் குழு தேதி குறித்து, ஊரறிய அறிவித்து, பொது விசாரணை வைக்கும். பக்கத்து நிலத்துக்காரர் மைக் முன்னால் நின்று "எங்க கிணறு என்ன ஆகும்?" என்று கேட்கலாம். இருபது வருடத் திட்டம் ஒன்று கையில் இருக்கும், மாற்றம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. பணம் உள்ளவர் வக்கீலோடு வருவார், இல்லாதவர் வேலைக்கு லீவு போட்டு வர வேண்டும். ஆனாலும் நாற்காலி இருக்கிறது.

நம்மிடம் அப்படி ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 1971-ஆம் வருடத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் போட்டால், வரைவை வெளியிட்டு, மக்கள் ஆட்சேபம் சொல்ல குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். கிராமசபையும் இருக்கிறது. முன்பு வருடத்துக்கு நான்கு முறை கூடியது, 2022-லிருந்து ஆறு முறை. 2006-ன் வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கைகளைக் கிராமசபையிலிருந்தே தொடங்கச் சொல்கிறது. இதற்கும் மேலே ஒரு சட்டம் 1996-ல் வந்தது. பழங்குடிப் பகுதிகளில் நிலம் எடுக்கும் முன் கிராமசபையைக் கலந்தாக வேண்டும், பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்கும் அதிகாரமும் அந்தச் சபைக்கு வேண்டும் என்கிறது அது. அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் உள்ள பகுதிகளுக்கு மட்டும்தான் அது செல்லும். ஆந்திரம், ஒடிசா, ஜார்க்கண்ட் உட்பட பத்து மாநிலங்களில் அத்தகைய பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை.

இதை நான் சொன்னபோது பேரன் முதலில் நம்பவில்லை. "நாங்க எஸ்.டி.தானே, சர்டிபிகேட் இருக்கே?" என்றார். ஆளுக்குச் சான்றிதழ் உண்டு தம்பி, மலைக்கு இல்லை.

மதியம் சாமைச் சோறு போட்டார்கள். மொச்சைக் குழம்பு. சாமை இப்போது அந்த வீட்டிலேயே விருந்துச் சாப்பாடு ஆகிவிட்டது. ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, செந்தினை, பெருந்தினை, சுண்டங்கிக் கேழ்வரகு என்று எத்தனையோ ரகம் விளைந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே வேலை செய்து அவற்றில் பலவற்றைத் தேடித் தொகுத்தது. உமி நீக்கும் இயந்திரத்தையும் கொண்டுவந்தது. உரலில் சாமை குத்துவது எவ்வளவு கடினம் என்று பாட்டி கைகளை விரித்துக் காட்டினார். விஞ்ஞானிகள் சொல்வதற்கு முன்னாலேயே பெண்களின் தோள்பட்டை அதைச் சொல்லியிருக்கும்.

சாமை இருந்த இடத்தில் இப்போது மரவள்ளி. பத்து மாதத்தில் கிழங்கு, கையில் ரொக்கம். லாரியில் ஏறி நாமக்கல், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. நம் வீட்டுப் பாயசத்தில் மிதப்பதில் ஆலத்தூர் நாட்டு மண்ணும் கொஞ்சம் இருக்கலாம். மண் என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. சரிவில் கிழங்கைப் பிடுங்கினால் மண் கிளறப்பட்டு, அடுத்த மழையில் ஓடைக்கு இறங்கிவிடுகிறது. சாமைத் தாள் மாட்டுக்கு ஆகும், வேர் மண்ணைப் பிடித்திருக்கும். இந்த மாற்றத்தை எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. ஸ்கூல் பீஸும் ஆஸ்பத்திரிச் செலவும் முடிவு செய்தன. இதுவும் ஒருவகை நிலப் பயன்பாட்டு மாற்றம்தான், கோப்பு இல்லாத மாற்றம். அடுத்த மாற்றம் காட்டேஜ்.

அது இந்த வீட்டுக்கும் வந்திருந்தது. ரோட்டை ஒட்டிய அரை ஏக்கர் உழவுக்காட்டைக் கேட்டு ஒருவர் இரண்டு முறை வந்து போயிருக்கிறார். பெயரும் கம்பெனியும் இங்கே வேண்டாம். "பட்டா சிக்கலெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றாராம். அந்த ஒரு வரியிலேயே எனக்குத் திக்கென்றது. அரசு பழங்குடியினருக்கு ஒப்படை செய்த நிலமாக இருந்தால் பட்டாவில் நிபந்தனை இருக்கும், இஷ்டத்துக்கு விற்க முடியாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, அதையும் எளிதில் தாண்ட முடியாது. ஆனால் 'வரன்முறைப்படுத்துதல்' என்று பிறகு ஒரு கதவு திறக்கும் என்ற நம்பிக்கையில்தான் பலர் முதலில் கட்டிவிடுகிறார்கள்.

கொடைக்கானலைப் பாருங்கள். 1993-லேயே அங்கே முழுமைத் திட்டம் வந்துவிட்டது. அதையும் மீறிக் கட்டி, நீதிமன்றம் தலையிட்டு, 2019-ல் நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். திட்டம் இருந்த ஊரிலேயே அந்தக் கதி. கொல்லிமலை இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை, இங்கே யோசிக்க நேரம் இருக்கிறது. அந்த யோசனையை யார் உட்கார்ந்து செய்வார்கள் என்று அங்கே நான் கேட்ட யாருக்கும் பதில் தெரியவில்லை. நாடு முழுவதற்கும் ஒரு வரைபடம், இந்தச் சரிவில் கட்டலாம், இந்த ஓடைக்கு இத்தனை அடி விடணும் என்று போட்டது, அதைப் பார்த்தவர்களும் யாரும் இல்லை.

விற்பதில் பேரனுக்கு விருப்பம். அவரைக் கெட்டவராக எழுத எனக்கு மனமில்லை. தங்கைக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். மிளகு விலை ஒரு வருடம் போல மறு வருடம் இல்லை. "பக்கத்துக்காரர் வித்துட்டார்னா நாளைக்கு இங்க வாட்டர் டேங்க் லாரியா ஓடும். அப்ப எங்க காட்டை எவன் வாங்குவான்?" என்று கேட்டார். எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி எழுதி வைக்காத ஊரில், முதலில் விற்பவர்தான் புத்திசாலி ஆகிறார். பாட்டி 'விற்காதே' என்று அதட்டவும் இல்லை. "வித்தா வீடு கட்டுவாங்க. வீட்டுக்குத் தண்ணி வேணும். போர் போடுவாங்க. ஓடை என்ன ஆகும்னு கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். பேரன் பதில் சொல்லவில்லை.

கிளம்பும் முன் நான் போனை எடுத்து அரசின் இணையதளத்தில் அவர்கள் நிலத்தைத் தேடிப் பார்க்கலாமா என்றேன். வீட்டுக்குள் டவர் இல்லை. மூவரும் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறை மேல் ஏறினோம், என்னைவிடப் பாட்டிதான் வேகம். மாவட்டம், வட்டம், கிராமம் 'ஆலத்தூர் நாடு', புல எண். சக்கரம் சுற்றிச் சுற்றி, கடைசியில் வந்தது. புன்செய், சுமார் 20 ஏர், பாட்டியின் கணவர் பெயர். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, பெயர் மாற்றவே இல்லை.

"ஓடை போட்டிருக்குதா கண்ணு அதுல?" என்றார் பாட்டி.

புலப்படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். கோடுகளும் எண்களும் இருந்தன. ஓரத்தில் மெல்லிய இரட்டைக் கோடு ஒன்று போனது. பேரன் போனை வாங்கி, அதைத் திருப்பித் திருப்பி, கீழே பள்ளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டார். மே 1 கிராமசபைக்கு இதைப் பிரின்ட் போட்டு எடுத்துப் போனால் பேச விடுவார்களா என்று கேட்டார். முதலில் பட்டா பெயரை மாற்றச் சொன்னேன், பேசுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம் என்றும் சொன்னேன்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பாட்டி ஒரு பழைய துணியில் ஒரு படி சாமையை முடிந்து கொடுத்தார். இறங்கும்போதும் அதே எழுபது வளைவு, இந்த முறையும் ஜன்னல் பக்கம்தான்.