கிறீஸ் அடிக்க மறந்த ஒன்றரை வருடம்



போன கிழமை ஓமந்தைச் சந்தியில் கண்டவர்கள் எல்லாரும் "சேர், ஸ்போர்ட்ஸ் கார் எங்கே?" என்று கேட்டீர்கள. ஒவ்வொருவரிடமும் நின்று கதை சொல்ல நேரமில்லாததால் இங்கே எழுதுகிறோம். 'நாங்கள்' என்றால் தம்பியும் நானும். பிழையிலும் இருவருக்கும் பாதிப் பாதி.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பகிடிப் பெயர். அது எங்கள் வாப்பாவின் மொறிஸ் மைனர். எதிர்க்காற்று அடித்தால் மோட்டார் சைக்கிள்காரர் கை காட்டிவிட்டு முந்திப் போவார்கள். ஆனாலும் பிள்ளைகள் முழுப் பொய் சொல்லவில்லை. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்குப் பூட்டியதும் இதே 948 சிசி எஞ்சின் வகைதான். அதற்குக் காபரேற்றர் இரண்டு, எங்களுடையதற்கு ஒன்று. ஸ்ரியறிங் அமைப்பு மொறிஸ் மைனரில் இருந்துதான் அதற்குப் போனது. ஆகவே தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கொட்டிலில் இருந்து மெல்ல எழும்பிய காலத்தில் வாப்பா வாங்கியது இது. ஸ்ரீ இலக்கத்தகடு. 2002இல் ஏ9 திறந்தபோது எங்களையும் உம்மாவையும் ஏற்றிக்கொண்டு சோனகத் தெருவைப் பார்க்கப் போனார். ஓமந்தைச் சோதனைச் சாவடி வரிசையில் றேடியேற்றர் கொதித்து, வாப்பா பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு இதே ஓமந்தையிலேயே குடியிருப்போம் என்று அன்றைக்கு யார் நினைத்தது!

வாப்பா ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். ஒயில் மாற்றிய நாள், மைல், பிளக் துடைத்தது எல்லாம் அதில் இருக்கும். 1,000 மைலுக்கு ஒருதரம் 'கிறீஸ்' என்று சிவப்புப் பேனையால் எழுதுவார். அவர் மவுத்தான பிறகு ஒன்றரை வருடம் நாங்கள் பெற்றோல் அடித்தோம், கழுவினோம், படம் எடுத்துப் போட்டோம். கிறீஸ் அடிக்கவில்லை.

இந்தக் காரில் முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த முள்ளுக்கு மேலும் கீழும் புரி வெட்டியிருக்கும். வளைக்கும்போது அந்தப் புரிக்குள்தான் அது திரும்பும். கிறீஸ் வற்றினால் புரி தேயும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் புரி விட்டுப்போனால் சில்லு அப்படியே உள்ளுக்கு மடிந்துவிடும்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. உம்மாவைக் கிளினிக்கில் இருந்து கூட்டி வந்து, ஏ9இல் இருந்து எங்கள் ஒழுங்கைக்குள் மெதுவாகத் திருப்பினோம். டங்கென்று ஒரு சத்தம். இடது மூலை நிலத்தில் குந்திவிட்டது. பின்னால் யாழ்ப்பாண பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி வந்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. உம்மா இறங்கி, மடிந்து கிடந்த சில்லைப் பார்த்துவிட்டு, "வாப்பா இருந்தா இப்படி விட்டிருப்பாரா?" என்று மட்டும் கேட்டார். ஏச்சு விழுந்திருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ரவுன் கராச் ஒன்றில் முன் பக்கத்தையே வெட்டிவிட்டு ஜப்பான் வாகனத்துச் சாமான் போடச் சொன்னார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து இப்படியான பழைய கார்களுக்கு நல்ல விலை கேட்டு வந்தவர்கள் உண்டு. விற்றுவிடுவோமா என்றும் ஓர் இரவு யோசித்தோம்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு அண்ணை ஜக்கோடு வந்துவிட்டார். 90களில் வன்னிக்குள் ஒஸ்ரின் கேம்பிறிச் கார் ஓடியவர். பெற்றோல் தடை இருந்த காலம். கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்களாம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அதனால் ஒயிலை விரலில் தொட்டுப் பார்ப்பது அவருக்கு இன்றும் பழக்கம். "சேர், இதைவிட மோசமானதை எல்லாம் ஓடவிட்டனாங்கள்" என்றார்.

சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனோம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென்றே கராச் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களில் அதற்கான தகட்டுப் பாகங்களை எங்கள் நாட்டில்தான் செய்வித்தார். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு முள்ளுக்குக் கடை கடையாய் ஏறி இறங்கினோம். கடைசியில் கிடைத்ததைக் கொண்டுவந்து பார்த்தால் அது வலது பக்கத்து முள். இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு என்பது கொப்பியிலேயே இருந்தது. வாசிக்காமல் போன வாத்தியாருக்கு இரண்டாவது பஸ் செலவு.

பூட்டும்போதும் ஒரு பாடம் படித்தோம். இந்தக் கார் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் போகிற மாதிரிப் போகும், ஆனால் கொஞ்சம் ஆடும். இரண்டு நட்டின் தலையை உருட்டிய பிறகுதான் அண்ணை எங்கள் கையில் இருந்து ஸ்பனரை வாங்கினார்.

நான்கு நிப்பிளிலும் பழைய அழுக்கு வெளியே வந்து புதுக் கிறீஸ் தெரியும்வரை அடித்தோம். வாப்பாவின் கடைசி வரிக்குக் கீழே மைலை எழுதினோம், சிவப்புப் பேனையால்தான்.

உம்மா இன்னும் ஏறவில்லை. பிறேக்கையும் பார்த்த பிறகு ஏறுகிறாராம். பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதன் போல்ற்றை இழுக்க முடியாதபடி சஸ்பென்சன் கம்பி குறுக்கே நிற்கும், முதலில் அதை விலக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொடங்குகிறோம். அண்ணையும் வருகிறார். அங்குல ரிங் ஸ்பனர் செற் வைத்திருப்பவர்கள் இரண்டு நாளுக்குத் தந்தால் துடைத்துத் திருப்பித் தருவோம்.