இன்னொரு பழம்

கவுண்டமணியும் செந்திலும் எங்கள் வீட்டுக்குக் கேசட்டில்தான் வந்தார்கள். படப்பையில் ஒரு கேசட் கடையில் சொல்லிவைத்து, பெரியப்பா பதிந்துகொண்டு வந்த அறுபது நிமிஷக் கேசட் அது. ஒரு பக்கம் அவருடைய முருகன் பாட்டு, மறுபக்கம் முழுக்க காமெடி. ஆயாவின் அரிசிப் பானைக்கு மேலே இருந்த மாடக்குழியில் டேப் இருக்கும். அதன் மூடி எப்போதோ உடைந்துபோனதால் கேசட் கழன்று விழாமலிருக்கத் துடைப்பக்குச்சியை ஒடித்துச் செருகியிருப்போம். பேட்டரி தீர்ந்தால் ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு சாயங்காலம் பாடவைப்போம். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றும் பொறுப்பு என்னுடையது. ஒருவர் உடுமலைப்பேட்டைப் பக்கம், இன்னொருவர் முதுகுளத்தூர்ப் பக்கம் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. படப்பையிலிருந்து வந்ததால் இருவரையும் படப்பைக்காரர்கள் என்றே நினைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தின் கடைசியில் ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காமெடி. ஒரு ரூபாய்க்கு ரெண்டு பழம் வாங்கப் போன செந்தில் ஒன்றோடு திரும்பி வருவார், கவுண்டமணி இன்னொன்றைக் கேட்பார், சரியாக அந்த இடத்தில் டக்கென்று நாடா தீர்ந்துவிடும். அந்தப் படம் மதுரையில் ஒரு வருஷத்துக்கும் மேலே ஓடியதாம், அந்தக் காமெடியை எழுதியவர் ஏ. வீரப்பனாம், ஊர் உலகமே விழுந்து விழுந்து சிரித்ததாம். எனக்கு மட்டும் அந்த இன்னொரு பழம் என்ன ஆனது என்று தெரியாது. ஆயாவிடம் கேட்டால், “அவன்தான் துன்னுட்டிருப்பான், போ கண்ணு,” என்பாள். பெரியப்பா மகனான அண்ணனிடம் கேட்டால் நாளுக்கொரு கதை வரும். ஒருநாள் மாடு தின்றுவிட்டது, ஒருநாள் ஏரி மதகில் விழுந்துவிட்டது, இன்னொரு நாள் கடைக்காரனே ஏமாற்றிவிட்டான். அந்தக் கடைக்காரன்மேல் எனக்கு நிஜமாகவே கோபம் இருந்தது.

நாங்கள் விளையாடும்போது அண்ணன்தான் கவுண்டமணி. அவன் குரல் உடைய ஆரம்பித்திருந்தது, எனக்குக் கன்னம் உப்பியிருந்தது, அதனால் நான்தான் செந்தில், பேச்சுக்கே இடமில்லை. அடி எல்லாம் எனக்கு. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிப்பது அடிவாங்கி நான் முழிக்கும் முழியைப் பார்த்துத்தான் என்பது எனக்கு ரகசியமாகத் தெரியும். அதனால் வேஷத்தை மாற்றிக்கொள்ள நான் கேட்டதே இல்லை.

அது தை மாசம், 1999. கழனியில் சம்பா அறுப்பு முடிந்து ஊரெல்லாம் புது வைக்கோல் வாசனை. ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் சைக்கிளில் போனால் வழியில் லாரிகளை எண்ணிவிடலாம். இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ கார் ஒன்று வண்டலூர் ரோட்டில் போனதைத் தான் பார்த்துவிட்டதாக அண்ணன் பீற்றிக்கொண்டிருந்த சமயம். சேப்பாக்கத்தில் இந்தியா–பாகிஸ்தான் டெஸ்ட் நடந்தது. தாம்பரம் போய் ரயிலைப் பிடித்தால் சேப்பாக்கம்தான், ஆனாலும் எங்கள் வீட்டில் ஒருத்தரும் அந்த மைதானத்தைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் சேப்பாக்கம் எதிர்வீட்டு வாத்தியாரின் டயனோரா டிவி.

சனிக்கிழமை காலையிலேயே பாயோடு போய் இடம் பிடித்துவிட்டோம். வாத்தியார் நாற்காலியில், பெரியப்பா வாசற்படியில், பொடிசுகள் எல்லாம் தரையில், நடுவில் ஒரு தட்டு நிறைய அவித்த மல்லாட்டை. அன்றைக்கு அஃப்ரிடி 141 அடித்தான், அடிக்க அடிக்க எங்கள் கூட்டம் சுருங்கிக்கொண்டே போனது. அப்புறம் வெங்கடேஷ் பிரசாத் வந்தார். ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஐந்து விக்கெட். முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போன வாத்தியார் வீட்டம்மா புடைத்துவிட்டு உள்ளே வருவதற்குள் பாகிஸ்தான் 286-க்கு ஆல் அவுட். கழனிப் பக்கம் போயிருந்தவர்கள் எல்லாம் கத்தல் கேட்டு ஓடிவந்தார்கள். ஜெயிக்க 271. சாயங்காலத்துக்குள் ரெண்டு விக்கெட் போயும்கூட, அந்த ராத்திரி ஊரில் எல்லோரும் கணக்கு வாத்தியார்களாகிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தை பௌர்ணமி. ஆயா விடியற்காலையிலேயே வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிளம்பினாள். போகும்போது, “அந்த சச்சின் புள்ளைக்கும் சேர்த்து வேண்டிக்கிறேன்,” என்று பெரியப்பாவிடம் சொன்னாள், அவர் சிரிக்காமல் தலையாட்டினார். 82-க்கு ஐந்து விக்கெட் போனபோது நான் ஆயாவின் பஸ் இன்னும் கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை என்று முடிவு கட்டினேன். பிறகு மோங்கியாவும் சச்சினும் நின்றார்கள். கரண்ட் போனது. பெரியப்பா வீட்டுக்கு ஓடி ரேடியோவை எடுத்துவந்து வாத்தியாரின் மேஜைமேல் வைத்தார். அப்போதெல்லாம் சேப்பாக்கம் டெஸ்ட் என்றால் சென்னை வானொலியில் தமிழ் வர்ணனை வரும். பெரியப்பாவுக்கு சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் என்றால் உயிர், அவர் பேசுவதைக் கேட்டால் பந்து தெரியுமே, டிவி எதற்கு என்பார். இருட்டுக் கூடத்தில் எண்ணெய்த் தலைகளின் வாசனையும் மல்லாட்டைத் தோலின் மண் வாசனையும் கலந்து கிடக்க, அத்தனை பேரும் ரேடியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருவரும் சேர்ந்து 136 ரன் சேர்த்தார்கள். மோங்கியா 52.

கரண்ட் திரும்பியபோது சச்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னும் 17 ரன். சக்லைன் போட்ட பந்தைத் தூக்கியடித்தார், வாசிம் அக்ரம் பிடித்துவிட்டார். சச்சினும் 136. மீதி மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் போய், 258. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. வாத்தியார் எழுந்து டிவியை அணைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவருகிறார்கள், சேப்பாக்கமே எழுந்து கைதட்டுகிறது. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை, நம்மைத் தோற்கடித்தவனுக்கு என்ன கைதட்டல் வேண்டிக்கிடக்கிறது என்று முணுமுணுத்தான். பெரியப்பா மட்டும் மெதுவாக ரெண்டு தட்டு தட்டினார். அவர் செய்தது சரி என்றுதான் எனக்கு இன்றைக்கும் படுகிறது.

வீட்டில் அன்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆயா திருநீற்றோடு திரும்பி வந்து, விஷயம் தெரிந்ததும் அதை எனக்கு மட்டும் பூசிவிட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, திடீரென்று கவுண்டமணி குரலில் என்னிடம் பழக்கணக்கு விசாரித்தான். பழக்கதோஷத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணு இங்க இருக்குதுண்ணா. இன்னொன்ன சக்லைன் தூக்கிக்கினு போயிட்டான்,” என்றேன். பெரியப்பாவுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

ஆடியில் கூழ் வார்க்கும்போது அம்மன் கோயில் எதிரில் டெக் வாடகைக்கு எடுத்து ‘கரகாட்டக்காரன்’ போட்டார்கள். தூக்கத்தைக் கிள்ளிக் கிள்ளி விரட்டி, முதல்முறையாக அந்தக் காமெடியைக் கடைசிவரை பார்த்தேன். கையில் இருந்த பழமே அந்த இன்னொரு பழமாம். ஊரே உருண்டு புரண்டு சிரித்தது. நான் அண்ணன் பக்கம் திரும்பி, “நான் சொன்னதுதாண்ணா நல்லா இருக்குது,” என்றேன். கவுண்டமணி பாணியிலேயே ஒரு அறை விட்டான்.