எஹலியகொடையில் வாங்கிய திறவுகோல்

2025 செப்டெம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எஹலியகொடைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து எனது அக்காவின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள்.

“தாத்தா, கொம்பியூட்டர்ல கீழ் மூலையில என்னமோ எழுத்து வந்திருக்கு. விண்டோஸை எக்டிவேட் பண்ணச் சொல்லுது. அழிக்கப் பார்த்தேன், போக மாட்டேங்குது.”

அந்த மடிக்கணினியை வாங்கும்போது கூடவே நின்றவன் நான். அதற்கு விண்டோஸ் 11 போடச் சொல்லித் தலையாட்டியவனும் நான்தான். ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் வீதியில் அமைந்திருக்கிறது எஹலியகொட. மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹட்டனையும் மட்டுமே நினைத்துக்கொள்ளும் வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: சப்ரகமுவ மாகாணத்தின் இந்தப் பகுதியிலும் தேயிலை இருக்கிறது, இறப்பர் இருக்கிறது, லயன் வீடுகள் இருக்கின்றன. அவற்றினிடையே மாணிக்கக்கல் தோண்டும் குழிகளும் இருக்கின்றன. அக்காவின் மகன், அதாவது என் மருமகன், இறப்பர் மரத்தில் பால் வெட்டுபவன். அவனுடைய மனைவி கொழுந்து பறிக்கிறாள். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலத்தில், 2025 மார்ச் மாதத்தில், சீட்டுப் பணத்தைக் கொண்டு அவளுக்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கினார்கள்.

வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்துவிட்ட கணினிகளைத் துடைத்துத் துப்புரவாக்கி விற்கிறார்களல்லவா, அந்த வகை. கறுப்பு நிறம், சற்றுப் பாரம். ஆனால், நல்ல இயந்திரம். அதில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை அவ்வாண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தப்போவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்திருந்த நேரம் அது. கடைக்காரத் தம்பியும் அதைத்தான் சொன்னார். “இன்னும் ஆறு ஏழு மாதம்தான் அங்கிள். பதினொன்று போட்டுத் தருகிறேன். ஒரிஜினல் கீ. வாழ்நாள் முழுவதற்கும். 2,500 ரூபா.”

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். “என்ன மாமா, போட்டுருவமா?”

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் முறையான விலை 139 அமெரிக்க டொலர்கள். அன்றைய நாணய மாற்றில் நாற்பதாயிரம் ரூபாவைத் தாண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. மாதம் 25 நாட்கள் பேர் விழுந்தாலும் 33,750 ரூபா. நாற்பதாயிரம் ரூபா பெறுமதியான ஒன்றை ஒருவர் 2,500 ரூபாவுக்குத் தருகிறார் என்றால், “எப்படி?” என்று கேட்பதுதான் நிருபரின் முதல் வேலை. பல ஆண்டுகள் அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். அன்று கேட்கவில்லை. “போடுங்க தம்பி” என்றேன். கேட்டால் விலை ஏறிவிடும் என்ற பயம் எனக்குள் இருந்தது. அதுதான் உண்மை.

கடைக்காரர் தந்த பற்றுச்சீட்டில் ‘சொஃப்ட்வெயார் சேர்விஸ் 2,500’ என்று மட்டுமே எழுதியிருந்தது. திறவுகோல் என்று சொல்லப்பட்ட அந்த 25 எழுத்துகள் எங்கேயும் இல்லை. அதையும் கவனித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் பாமினி எழுத்துருவில்தான் எல்லாமே. இணையத்தில் யுனிகோட் தமிழ் தலைகாட்டத் தொடங்கியபோது, எனது விண்டோஸ் 98 கணினியில் அது வெறும் கட்டங்கட்டமாகத் தெரிந்தது. தமிழை யுனிகோட்டில் முறையாகக் காட்டும் வசதியும் லதா என்ற எழுத்துருவும் விண்டோஸ் 2000 உடன்தான் வந்தன. எக்ஸ்பியிலும் இருந்தன. ஆனால், எக்ஸ்பியில் அதற்கென ஒரு சிறு கட்டத்தில் சரி அடையாளமிட்டு, மூல இறுவட்டை உள்ளே செலுத்தினால்தான் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து நிற்கும். நான் செலுத்திய இறுவட்டு கொழும்பில் ஒரு நண்பர் மூலம் 150 ரூபாவுக்கு வாங்கியது. மேலே நீல மையினால் ‘எக்ஸ்பி’ என்று கையால் எழுதியிருந்தது. கொம்பும் காலும் இடம் மாறாமல் ஒரு தமிழ்ப் பக்கம் என் திரையில் முதன்முதலாக விரிந்த அந்த இரவை நான் மறக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பற்றிப் பின்னர் நானே ஒரு கட்டுரை எழுதினேன். அதை அடித்த கணினியில் ஓடியதும் அதே எக்ஸ்பிதான்.

செப்டெம்பர் அழைப்புக்கு வருவோம். பேத்தியிடம், அமைப்புகளில் ‘எக்டிவேஷன்’ என்ற பக்கத்தைத் திறந்து படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். பதிப்பின் பெயர் ‘எண்டர்பிரைஸ்’ என்றிருந்தது. உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் இந்த விண்டோஸ் செயற்படுத்தப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரியும், அந்தச் சேவையை இப்போது தொடர்புகொள்ள முடியவில்லை என்று இன்னொரு வரியும் கீழே இருந்தன.

எந்த நிறுவனம்? பால் வெட்டுபவனின் மகளுக்கு ஏது நிறுவனம்?

விசாரித்துப் படித்ததில் விடயம் துலங்கியது. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் கணினிகளை வைத்திருப்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுக்காமல், நிறுவனத்துக்குள் ஒரு சேவையகத்தை வைத்து எல்லாவற்றையும் செயற்படுத்துகின்றன. அப்படிச் செயற்படுத்தப்பட்ட கணினி 180 நாட்களுக்கு ஒருமுறையாவது அந்தச் சேவையகத்துக்கு ‘ஆஜர்’ சொல்ல வேண்டும். எங்கோ யாரோ அனுமதியின்றி நடத்தும் அப்படியொரு சேவையகத்தில்தான் எங்கள் கணினியைக் கட்டிவிட்டிருந்தார்கள். அது மூடப்பட்டுவிட்டது. மார்ச்சிலிருந்து செப்டெம்பர் வரை 180 நாட்கள். வாழ்நாள் என்று சொன்னது அவ்வளவுதான்.

மலிவுத் திறவுகோல்கள் எல்லாமே இப்படியா என்றால், இல்லை. ஒருமுறை விற்ற மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 ஆம் திகதி, ஜேர்மனியின் யூஸ்ட்சொஃப்ட் நிறுவனத்துக்கும் ஒரக்கிளுக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பளித்தது. இணையத்தில் மலிவு விலைக்கு விற்பவர்களில் பலர் அந்தத் தீர்ப்பைத்தான் கேடயமாகக் காட்டுகிறார்கள். ஆனால், விற்பவர் தன்னிடமுள்ள பிரதியைப் பாவிக்க முடியாதவாறு ஆக்கிவிட வேண்டும், மொத்தமாக வாங்கிய உரிமத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கவும் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்வதை அவர்கள் காட்டுவதில்லை. எஹலியகொடையில் ஒரு நீலக்கல்லைக் கையில் கொடுத்தால் தரகர் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தக் குழியில் எடுத்தது என்று கேட்ட பிறகுதான் விலை பேசுவார். 25 எழுத்துகளை எந்த வெயிலில் பிடிப்பது?

எனக்கு வயிற்றெரிச்சலை உண்டாக்கியது அதற்குப் பிறகு தெரியவந்ததுதான். அந்த மடிக்கணினியின் அடிப்பாகத்தில் ஒரு சிறிய விண்டோஸ் வில்லை ஒட்டியிருந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கணினியைத் தயாரிக்கும் நிறுவனங்கள் உரிம எண்ணைத் தாய்ப்பலகையிலுள்ள சில்லிலேயே பதித்துவிடுகின்றன. அதாவது விண்டோஸ் 10 ப்ரோவுக்கான முறையான திறவுகோல் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. முறையான விண்டோஸ் 10 உள்ள, தகுதி வாய்ந்த கணினியை 11 இற்கு உயர்த்துவதற்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி என்பதால் தகுதியும் இருந்தது. இலவசமாகக் கிடைக்க வேண்டியதை மருமகன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். அதுவும் களவாடப்பட்டதை. அதற்கு நான் சாட்சி.

அடுத்த வாரமே புறப்பட்டேன். தோட்டத்தில் இணைய இணைப்பு மரத்தடிக்கு மரத்தடி மாறும் என்பதால், மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐக் கொழும்பிலேயே ஒரு பென்டிரைவில் இறக்கி எடுத்துக்கொண்டேன். வழியில் அந்தக் கடைக்கும் போனேன். தம்பி சண்டை பிடிக்கவில்லை. “இதுகளை நாங்களும் ஒன்லைனில் மொத்தமாகத்தான் எடுக்கிறோம் அங்கிள். கொண்டு வாருங்கள், இன்னொன்று சும்மாவே போட்டுத் தருகிறேன்” என்றார். இன்னுமொரு 180 நாட்கள்! வேண்டாமென்று சொல்லி வந்துவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை.

லயன் வீட்டில், பேத்தி முதலில் தன் கோப்புகளை வேறொரு பென்டிரைவுக்கு மாற்றினாள். என்னென்ன என்று பார்த்தேன். ஊழியர் சேமலாப நிதி கிடைக்கவில்லை என்று ஓய்வு பெற்றவர்களின் முறைப்பாடுகள், பிறப்புப் பதிவில் பெயர் திருத்துவதற்கான கடிதங்கள், தண்ணீர்க் குழாய் கேட்டுத் தோட்ட அலுவலகத்துக்கு எழுதியவை. லயத்திலுள்ளவர்களுக்காக அவள் அடித்துக் கொடுத்தவை, எல்லாம் சுத்தமான யுனிகோட் தமிழில். அவை பத்திரமாகப் பிரதியாகும் வரை அவள் நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

பிறகு கணினியைத் துடைத்துப் புதிதாக நிறுவினோம். ஒரு மணித்தியாலம் பிடித்தது. திறவுகோல் எதையும் அது கேட்கவில்லை. தாய்ப்பலகையில் இருந்ததைத் தானே எடுத்துக்கொண்டது. இணையம் கிடைத்ததும் செயற்பட்டுவிட்டதாக அறிவித்தது.

காத்திருந்த நேரத்தில் எக்ஸ்பி இறுவட்டுக் கதையை அவளுக்குச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவள், “அந்த சீடிக்கு நீங்க பில் வாங்கினீங்களா தாத்தா?” என்றாள்.

இல்லை என்றேன்.

மருமகன் தேநீர் கொண்டுவந்து வைத்தான். 2,500 ரூபாவைப் பற்றி அவன் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நான் கொடுத்தபோதும் வாங்க மறுத்துவிட்டான். பேத்தியின் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

புறப்படும் வேளையில், அடுத்த காம்பராவிலிருந்து ஒரு பையன் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ஆறாம் தலைமுறைச் செயலி, 11 இற்குத் தகுதி இல்லை. விண்டோஸ் 10 ஐயே வைத்துக்கொண்டு, மைக்ரோசொஃப்டின் நீடிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கினேன்.

“இல்ல தாத்தா, போன மாசம்தான் இதுக்கும் பதினொன்னு போட்டோம்” என்று அவன் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினான். சொஃப்ட்வெயார் சேர்விஸ், 2,500.